இடது சுவர், வலது சுவர்

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். ஏதோ ஒரு தொண்டு அமைப்பின் பெயர் அச்சடித்த சட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப்லட். வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர், காய்ச்சல், குழந்தைகள் சாப்பாடு என்று கேட்டு அதில் பதிவார்களாம். பதிந்துவிட்டால் எங்கள் ஷாதிபூர் முழுவதும் ஒரு படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். எந்தப் புள்ளி சிவப்பாகிறதோ அங்கே உதவி போகுமாம்.

"இந்தத் தீவுலயே இப்படிச் செய்யறது நாங்கதான் ஃபர்ஸ்ட், தாத்தா" என்றாள்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று என் மனைவியைக் கேட்டாள். என் மனைவி கண் இமைக்காமல் ஒன்று குறைத்துச் சொன்னாள். அந்தப் பெண் அதை அப்படியே தட்டிக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். நான் திருத்தவில்லை. ஃபர்ஸ்ட் என்கிறவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

ஃபர்ஸ்ட் நாங்கள்தான். அதிலும் குறிப்பாக நான். இதை எழுதிவைக்கிறேன், யாருக்காவது மறுப்பு இருந்தால் என் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். தூத்துக்குடிக் கரையில் கடல்காரன் வீட்டில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாத வயிற்றோடு பிறந்தவன். வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா என்னைத் திட்டிப் பார்த்தார், அடித்துப் பார்த்தார், கடைசியில் ஒரு தகரப் பட்டறையில் கொண்டுபோய்த் தள்ளினார். தள்ளியது நல்லதாயிற்று. மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, அந்தமானில் போர்ட் பிளேரில் இறங்கும்போது என்னிடம் இருந்தது ஒரு தகரக் கத்திரி, ஒரு மரச் சுத்தி, ஒரு பற்றவைக்கும் இரும்பு. பத்து வருஷம் கழித்து ஷாதிபூர் மேட்டில் பாதிக் கூரை என் கை பட்டது. மழை ஒழுகினால் ஆண்டவருக்கு அடுத்தபடி என்னைத்தான் கூப்பிடுவார்கள். தமிழன், பெங்காலி, தெலுங்கன், எல்லாருக்கும் நான் 'டின் மிஸ்திரி'.

அது அரசாங்கம் காட்டை வெட்டிக் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எங்களுக்கு யாரும் நிலம் கொடுக்கவில்லை. எங்களை யாரும் கூப்பிடவுமில்லை. நாங்களே டிக்கெட் எடுத்து வந்தோம். ஆகவே எங்களுக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் கிடையாது. அதனால் சங்கம் வைத்தோம். பெரும்பாலும் கடலோரக் கிறிஸ்தவக் குடும்பங்கள். பஜாரில் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து பாய் பொருளாளர். மாதா கோயிலுக்குப் பக்கத்தில், மரமில்லில் கழித்துப்போட்ட படாக் மரப் பலகைகளால் ஒரு கொட்டகை. கூரை யார் போட்டது என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தச் சங்கத்துக்குப் பால் வந்தது. மெயின்லேண்டிலிருந்த ஒரு தரும அமைப்பு டின் டின்னாகப் பால் பவுடர் அனுப்பும். கப்பலில் வரும். ஊரில் அதற்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு செயலாளர். மெயின்லேண்ட்காரர், படித்தவர், நேர்மையான மனுஷன், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எந்தச் சங்கத்தில் எத்தனை குழந்தைகளோ அத்தனைக்கு டின் பிரித்துக் கொடுப்பார்.

எங்கள் கணக்கை எடுத்தது நான். எல்லா வீட்டுக் கூரையிலும் ஏறியவன், எல்லா வீட்டு வாசலும் எனக்குத் திறக்கும். சந்து சந்தாகப் போய், வாசலில் நின்று, "எத்தன பிள்ளைய?" என்று கேட்டு, ஒரு காகிதமும் இல்லாமல் அத்தனையையும் தலையில் வாங்கி, சாயந்திரம் பாயின் கடையில் ஒப்பித்தேன். அவர் எழுதினார். என் ஞாபகம் அப்படி. என் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. சொந்தப் பெண்டாட்டியிடம் போய் நின்று எத்தனை பிள்ளை என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? அதை பாயே கேட்டு எழுதிக்கொண்டார்.

பால் வந்தது. நான் காலையில் கொட்டகையைத் திறந்து அண்டாவில் கரைத்து ஊற்றுவேன். ஒருவன் சொம்போடு வருவான், ஒருத்தி தேங்காய்ச் சிரட்டையோடு வருவாள், மூத்தவள் தம்பி தங்கைக்கும் சேர்த்துக் குண்டானில் வாங்கிப் போவாள். தலையை எண்ண வழியே கிடையாது. பார்த்தால், அடுத்த கப்பல் வருவதற்கு முன்பே பவுடர் தீர்ந்துபோயிற்று. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் இதே கதை. கடைசி வாரம் தண்ணீரை வெள்ளையடித்த மாதிரி ஒன்றை ஊற்றுவேன். அதற்கும் பிள்ளைகள் சண்டை போடும்.

செயலாளர் என்னையும் பாயையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"உங்க லிஸ்ட்படி கொடுத்திருக்கேன். அளவு சரியா இருக்கு. அப்புறம் எப்படித் தீருது?"

"தெரியல சார்."

"கொட்டகைச் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட."

அவர் பேனாவை மூடிவைத்தார். அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. எனக்குக் காது சுட்டது. பஜாரில் பால் பவுடருக்கு என்ன கிராக்கி என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"பாய், லிஸ்ட வாசிங்க" என்றேன். "ஒரு வீடு விட்டுப்போயிருந்தா என் காத அறுத்துக்கிடுதேன்."

பாய் வாசித்தார். ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. கடைசியில், "மிஸ்திரி வீடு" என்று என் வீட்டையும் வாசித்தார். செயலாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நான் குடும்பத்தோடு போவதை அவர் பார்த்திருக்கிறார்.

"உங்களுக்கு அத்தனை பேர்தானா?"

நான் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தேன். லிஸ்டில் என் வீட்டுக்கு ஒரு பிள்ளை குறைந்தது.

"சொந்த வீட்டுக் கணக்கே தப்பு" என்றார் செயலாளர். பாய் வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டார். "அரே மாப்ள, எல்லாரும் பிள்ளையக் கூட்டிச் சொல்லித்தான் பால் வாங்குவாக. நீ கொறச்சுல்ல வாங்கியிருக்க! உன்னய மாதிரித் திருடன நான் பாத்ததே இல்ல."

"வாய மூடும், பாய்."

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கடைக்குட்டியச் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"முழுசாவா சொல்லுவாக? கண்ணு பட்டுரும்லா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாக. நீங்க என்னமோ பெரிய கணக்கப்பிள்ள மாதிரி தெருவுல நின்னு சத்தம் போட்டுக் கேட்டிய. வேற என்னத்தச் சொல்லுவாக?"

"மாசம் தவறாமப் பாவசங்கீர்த்தனம் பண்ணுத பொம்பள, கண்ணு கிண்ணுன்னு பேசலாமா?"

"கோயிலு வேற, கண்ணு வேற" என்றாள். மீன் தலையை வெட்டினாள். பேச்சு முடிந்தது.

அத்தனை வாசலில் நின்று கேட்டேன், அத்தனை தாயும் என்னிடம் ஒன்றை ஒளித்திருக்கிறார்கள். என்னிடம்! ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சந்தோஷம். திருடன் நானில்லை.

மறுநாள் போய் செயலாளரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை, சாவி வைத்திருக்கிறவன் சொல்கிற காரணம் அது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொட்டகைக்கு வந்தார். தாய்மார்களை உட்காரவைத்து நல்லபடியாகத்தான் பேசினார். சரியான எண்ணிக்கையைச் சொன்னால் பால் கூடுதலாக வரும், பெயர், வயது, கைநாட்டு எல்லாம் மெயின்லேண்டில் கேட்கிறார்கள், ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள் என்றார்.

ஒருத்தியும் எழவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பாலு போனா போட்டும், சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்போ லிஸ்ட் வர்ற வரைக்கும் பால் கிடையாது. அடுத்த கப்பல்ல பேர் பட்டியல் போகணும். போகலேன்னா உங்க சங்கத்தோட பங்கு வேற இடத்துக்குப் போயிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

நான் எழுந்தேன். "அந்தக் கப்பல் வாரதுக்குள்ள நான் கணக்குத் தாரேன். பேரு இல்லாம. ஒருத்தரையும் வாயத் தொறக்க வைக்காம."

"எப்படி?"

"அது என் வேல, சார்."

எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் வைத்த காலைப் பின்னால் எடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

வழி என் பட்டறை மூலையிலேயே கிடந்தது. காலி பால் டின்கள். எண்ணிக்கையைக் கேட்டால்தானே கண் படும்? டம்ளர் கொடுத்தால்?

எல்லா வீட்டிலிருந்தும் காலி டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். உப்பு போட்டு வைத்தது, மிளகாய் போட்டு வைத்தது, ஒன்றில் கறிவேப்பிலைக் கன்றே வளர்ந்திருந்தது. வெட்டி, உருட்டி, உதட்டைக் கிழிக்காதபடி விளிம்பை மடித்து, ஈயம் வைத்து, கைப்பிடி வைத்து, எல்லாம் ஒரே அளவில் டம்ளராகப் போட்டேன். அந்தத் தீவில் அப்போது அப்படி மடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இப்போதும் கிடையாது. பட்டறை வாசலில் குவித்து மேலே ஒரு சாக்கைப் போட்டேன். "பிள்ளைக்கு ஒண்ணு, வேண்டியத எடுத்துக்கிடுங்க. நான் பாக்க மாட்டேன்" என்று சந்துக்குச் சந்து சொல்லி அனுப்பினேன்.

வந்தார்கள். சாக்குக்கு அடியில் கைவிட்டு எடுத்து, முந்தானையில் மூடிக்கொண்டு போனார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு இரும்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஓய்ந்த பிறகு ஒருத்தி வந்தாள். நடைச் சத்தத்திலேயே யார் என்று தெரிந்தது. கல்யாணமாகி வெகு காலம், பிள்ளை இல்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் திரும்பவில்லை. ஒரே ஒரு டம்ளர் எடுத்த சத்தம் கேட்டது.

கொட்டகையின் இரண்டு சுவரிலும் ஆணி அடித்தேன். எடுத்துப்போன டம்ளரை அவரவர் இருட்டில் கொண்டுவந்து தங்கள் சந்து வரிசையில் மாட்டிவிட்டுப் போனார்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டில் சந்துக்கு ஒரு நிறம் என்று டம்ளருக்குக் கோடு போட்டேன். சட்டம் ஒன்றுதான்: டம்ளர் இடது சுவரில் தொங்கும். காலையில் பிள்ளை வந்து தன் டம்ளரை எடுக்கும், குடிக்கும், கழுவி வலது சுவரில் மாட்டும். சாயந்திரம் நான் எல்லாவற்றையும் மறுபடி இடதுக்கு மாற்றிவிடுவேன். சொம்பு, சிரட்டை, குண்டான் எதுவும் உள்ளே வரக்கூடாது. எழுத்துத் தெரியாத பிள்ளைகூடத் தன் டம்ளரை அதன் நெளிவை வைத்துக் கண்டுபிடித்துவிடும். வலது சுவரைப் பார்த்தால் குடித்தவர்கள். இடது சுவரில் மிஞ்சினால் வராதவர்கள். கம்ப்யூட்டருக்கும் இரண்டே இரண்டுதான் தெரியும், ஒன்று இருக்கு, இல்லாவிட்டால் இல்லை, என்று அந்த டேப்லட் பெண் சொன்னாள். எனக்கு இரண்டு சுவர் இருந்தது. அதற்கு கரண்ட் வேண்டாம்.

கப்பல் ஜெட்டிக்கு வருவதற்கு முன் செயலாளரைக் கூப்பிட்டேன். பாய் பழைய லிஸ்டோடு வந்தார். அவசரத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த கடைசி டின்னை உடைத்து, அன்றைக்குப் பால் கரைத்தேன். இத்தனை நாள் பால் இல்லாமல் இருந்ததால் காய்ச்சல்காரப் பிள்ளைகூடப் போர்வையோடு எழுந்து வந்திருந்தது.

செயலாளர் இடது சுவரை ஒருமுறை எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். லிஸ்டின் கூட்டுத்தொகையைப் பார்த்தார். கழித்தார். பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு லிஸ்டிலிருந்த வீடுகளை வரிசையாக விரலால் தொட்டு எண்ணினார். திடீரென்று சிரித்துவிட்டார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"மிஸ்திரி, சுவர் அதிகம், லிஸ்ட் கம்மி. எவ்வளவு கம்மி தெரியுமா? சரியா வீட்டுக்கு ஒண்ணு. ஒரு வீடு விடாம!"

"அதத்தான சார் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன். உண்மையைச் சொன்னால், வீடுகளை எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெருமை அவருக்கே இருக்கட்டும். எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

"தேக்கோ, பாருங்கய்யா! நம்ம மிஸ்திரி திருடன் இல்லையாம்" என்றார் பாய், கொட்டகைக்கே கேட்கும்படி.

பிள்ளைகள் வந்து, குடித்து, கழுவி, தள்ளுமுள்ளுவில் வலது சுவரை நிரப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டன. இடது சுவரின் மூலையில் ஒரே ஒரு டம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பிள்ளை வரலை போல" என்றார் செயலாளர். கோட்டின் நிறத்தை வைத்து, அந்தச் சந்தில் எந்த வீடு என்று பார்க்க லிஸ்டைப் பிரித்தார். விரல் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றது. அந்த வீட்டுக்கு நேரே பூஜ்யம் எழுதியிருந்தது. வீட்டுக்கு ஒன்று என்றால், பூஜ்யம் சொன்ன வீட்டுக்கும் ஒன்று. அதையும் சேர்த்தால்தான் அவர் கழித்த கழித்தல் சரியாக வருகிறது.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாய் அவசர அவசரமாக அண்டாவைக் கழுவப் போனார். பொருளாளர் அண்டா கழுவி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"குடிக்கறதுக்கு ஆள் இல்லாத டம்ளருக்கும் பால் கேக்கறீங்களா?" என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

"பாலு குடுக்காதீங்க, சார். ஆனா டம்ளர எடுக்க மாட்டேன்."

"மெயின்லேண்டில பேர் கேட்கிறாங்க. இது யார் பேர்ல இருக்குன்னு எழுதறது?"

"எழுதாதீங்க. இதுக்குத்தான் பேரு தர மாட்டேன்னு சொன்னேன். பிள்ளையளுக்கு எவ்வளவு பாலு வேணுமோ அதச் சொவரு சொல்லும். அதுக்கு மேல எவருக்கும் எதுக்கு? எவ எந்த ஆணியில எத மாட்டுனாங்கிறது சங்கத்துக்குள்ள கெடக்கட்டும். அது இல்லாம பாலு வராதுன்னா, நிறுத்திக்கிடுங்க. நான் தண்ணிய ஊத்துதேன்."

பாயின் அண்டாச் சத்தம் நின்றுபோயிற்று. எத்தனை பிள்ளைகளின் பாலை நான் ஒற்றை ஆளாகப் பணயம் வைத்தேன் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் அதே இடத்தில் இன்றைக்கு நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

செயலாளர் லிஸ்டை மடித்துப் பையில் வைத்தார். மெயின்லேண்டுக்குப் போகவேண்டிய தாளை எடுத்தார். 'குழந்தைகளின் பெயர்' என்று அச்சடித்திருந்ததை ஒரு கோடு கிழித்து அடித்தார். அதற்கு மேல் 'டம்ளர்' என்று எழுதினார். கீழே சுவரின் எண்ணிக்கையை எழுதினார். மூலை டம்ளரைச் சேர்த்தா, விட்டா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பதில் வரும்வரை கமிட்டி கிடங்கிலிருந்து கொஞ்சம் பவுடர் கடனாகக் கொடுத்தார். அந்த வாரங்களில்தான் சுவரின் இன்னொரு குணம் தெரிந்தது. ஒருநாள் இடது சுவரில் நீலக் கோடு டம்ளர்கள் சில மிஞ்சின. மறுநாள் கூடின. மற்ற நிறம் எல்லாம் வலது சுவருக்குப் போய்விட, நீலம் மட்டும் அங்கேயே நின்றது. நானும் பாயும் அந்தச் சந்துக்கு ஓடினோம். மழையில் கிணற்றுக் கரை சரிந்து கலங்கல் தண்ணீரைக் குடித்து வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. செயலாளரிடம் சொன்னோம், அன்றைக்கே கம்பவுண்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரும் வந்து கேட்கவில்லை, யாரும் போய் முறையிடவில்லை. சுவர் கூப்பிட்டது. இதற்குப் பெயர் புள்ளி போட்ட படம் இல்லையென்றால் வேறு என்ன? பிறகு சௌல்தாரி கிராமத்திலிருந்து ஆட்கள் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். லாங் ஐலண்டுக்கு நானே ஆணியும் பெயிண்டும் கொண்டு போனேன். படகில்தான். வாந்தியெடுத்துக்கொண்டேதான்.

கப்பல் வந்தது. எங்கள் பங்கு முன்னைவிடக் கூடுதல் டின். பேர் பட்டியலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஜெட்டியிலிருந்து கொட்டகை வரை நானே தலையில் சுமந்தேன். கூலியாள் வேண்டாம் என்றேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான்.

மூலை டம்ளர் இடது சுவரிலேயே இருந்தது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும்போதெல்லாம் மறுபடி ஈயம் பூசி அதே ஆணியில் மாட்டினேன். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள்கூட அதன் மேல் கைவைக்கவில்லை.

டின் வந்த அந்த வாரமே, சாயந்திரம், செயலாளர் என் பட்டறைக்கு வந்தார். ஆபீஸ் விஷயமில்லை என்பது நின்ற தோரணையிலேயே தெரிந்தது. வீட்டில் கண்ணாடி டம்ளர் எல்லாம் உடைந்துபோகிறது, பிள்ளைகளுக்கு அந்த மாதிரி தகர டம்ளர் இருந்தால் நல்லது என்று அவர் மனைவி சொன்னாளாம்.

"அதுக்கென்ன சார், போட்டுருவோம். எத்தன போடட்டும்?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பட்டறை வாசலில் மிச்சமாகக் குவிந்து கிடந்த டம்ளர்களைப் பார்த்தார், மேலே கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"நீங்க வேலையைப் பாருங்க, மிஸ்திரி. நான் எடுத்துக்கறேன்."

நான் திரும்பி இரும்பைக் கரியில் வைத்தேன். பின்னால் தகரம் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. ஒரு ஊரையே தலையில் வைத்து ஒப்பித்தவன் நான். அந்தச் சத்தத்தை எண்ணுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. எண்ணவில்லை.